கடைசி வரிசை மூட்டை

"இறக்குக்கூலி மில்லுக்காரங்கதானுங்க குடுக்கோணும்? டிரைவர்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

கௌதமனுக்கு எரிச்சல். கர்நாடகத்தில் லாரியில் கொப்பரை ஏற்றும்போதும் கேட்டார்கள், அழுதான். இப்போது காங்கேயம் எண்ணெய் மில்லில் இறக்கவும் அழ வேண்டுமாம்.

"அது மில்லுக் கூலிங்க தம்பி. இது டிரைவர் மாமூல். எல்லாரும் குடுக்கறதுதான்" என்றார் பொங்கியண்ணன். லோடுமேன்களுக்கு மேஸ்திரி. சிரித்தால் காசு போய்விடும் என்பது போல ஒரு முகம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! கொடுத்தான்.

"வண்டிச் சாவியும் குடுங்க. பலகைல ஆளு ஏறி எறங்கறப்ப வண்டி அசையப்படாது."

அதுவும் வழக்கம்தான். நீட்டினான். சாவியில் மகள் கயல்விழி கட்டிவிட்ட சலங்கை மணி கிணுகிணுத்தது.

"சீக்கிரம் எறக்குங்க மேஸ்திரி. புள்ள இன்னைக்கு ஸ்கூல்ல ஆடறாளுங்க. அப்பா வந்தாத்தான் மேடை ஏறுவேன்னு அடம்."

"எந்த ஊருங்க?"

"துடியலூருங்க."

"ஆட்டம் எத்தன மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு."

பொங்கியண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வண்டியைப் பின்னால் எடுக்கையில் அவன் இடித்துவைத்த மதில் மூலையைப் பார்த்தார்.

"கேபின்ல படுங்க. முடிஞ்சதும் எழுப்பறோம்."

சாய்ந்ததுதான் தெரியும்.

களத்தில் காயும் கொப்பரை வாசம் தித்திப்பாக ஏறி வந்தது. வெள்ளை வெள்ளையாகக் கொப்பரைகள் எழுந்து மிதந்தன. மூட்டைகளெல்லாம் பஞ்சாகிப் பறந்தன. லாரி பரிசல் மாதிரி மெல்ல ஆடியது. நடுவில் கயல்விழி ஆடிக்கொண்டிருந்தாள். காலில் ஜல், ஜல்.

"பாக்கறீங்களா அப்பா?"

"பாக்கறேன் கண்ணு."

இமைதான் திறக்கவில்லை. திறக்க மனசும் இல்லை. ஆஹா, எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சுகம்!

ஜல்.

விழித்துக்கொண்டான். வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. ஜன்னலுக்குக் கீழே நிழலில் பொங்கியண்ணன் சாவியை விரலில் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லோடுமேன்கள் காலை நீட்டி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

குதித்து இறங்கி வண்டிக்குப் பின்னால் ஓடினான். மூட்டைகள் மேல்மட்டம் வரை அப்படியே நின்றன.

வந்ததே கோபம்!

"ஏனுங்க, கூலிய வாங்கி மடில கட்டிக்கிட்டு ஒக்காந்து வெத்தல போடறீங்களா? மணி ஒண்ணு! எம் புள்ள அங்க வாசலப் பாத்துட்டு நிப்பாளுங்க!"

ஒருவன் அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினான். அது அவனை இன்னும் கிளறியது.

"உங்க ஊட்டுல ஒருத்தன் லாரி ஓட்டியிருந்தாத் தெரியும், இந்தப் பொழப்பு!"

இளவட்ட லோடுமேன் ஒருவன் வெடுக்கென்று எழுந்தான். பொங்கியண்ணன் அவன் தோளை அழுத்தினார்.

"உடு சாமி. எறக்குங்கப்பா."

கௌதமன் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இத்தனை சீக்கிரமா? வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பின்வரிசை மூட்டைகள் மறைத்துக்கொண்டிருந்த இடமெல்லாம் காலி. பெருக்கிக்கூட விட்டிருந்தார்கள்.

பொங்கியண்ணன் சாவியைக் கொடுத்தார்.

"நிதானமாப் போங்க தம்பி. ஆட்டத்துக்குப் போயிருவீங்க."

அவ்வளவுதான். அடுத்த வேலையைப் பார்க்க நடந்துவிட்டார்.

சிந்திய கொப்பரையைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள், களத்துவேலை பார்க்கும் சென்னியம்மாள். கௌதமன் அவளிடம் போனான்.

"ஏனுங்கம்மா, மத்த மூட்டையெல்லாம் எப்ப எறக்குனாங்க?"

"நீங்க படுத்த கையோட அந்தப் பக்கப் பலகையத் தெறந்து எறக்கிப்போட்டாங்க கண்ணு."

"அப்பறம் ஒரு வரிசைய மட்டும் எதுக்கு உட்டு வெச்சாங்க?"

"வண்டி காலியாயிருச்சுன்னா மில்லுக்காரங்க எழுப்பி, வெளிய எடுன்னு சொல்லிருவாங்கல்லங்க? மதில்ல இடிச்சுப்போட்டு எறங்குனீங்களாமா, கண்ணு ரெண்டும் சொக்கிக் கெடந்துச்சாமா. ஒரு மணிக்குக் கெளம்புனா அஞ்சுக்குப் போய்ச் சேந்துரலாம், அதுவரைக்கும் தூங்கட்டும்னாரு மேஸ்திரி. இதுல அடுத்த லாரிக் கூலி வேற போச்சு. அது வேற மில்லுக்குத் திரும்பிப் போயிருச்சுங்க."

கௌதமன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் பொங்கியண்ணன் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டனுங்களே... ஊட்டுல ஒருத்தன் லாரி ஓட்டியிருந்தாத் தெரியும்னு..."

சென்னியம்மாள் விளக்குமாற்றைத் தட்டினாள்.

"அவரு பையன் ஓட்டுனானுங்க. தம் புள்ளையப் பாக்கோணும்னு இப்பிடித்தான் தூங்காமக் கெளம்புனவன், ஊடு வந்து சேரலீங்க. அந்தப் புள்ளையோட ஸ்கூல் ஆட்டத்துக்கெல்லாம் இப்ப மேஸ்திரிதானுங்க போயி ஒக்கார்றாரு."