நாலாவது முனை

முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.

மழைக்காலத்தில் வேலையில்லாத நாட்களுக்கு உப்பள முதலாளி அண்ணாச்சியிடம் அவள் வாங்கித் தின்ற அட்வான்ஸ். மூன்று வருஷம் உப்பில் நின்றும் அடையவில்லை.

அதை ஒரே தவணையில் அடைத்துவிடுவதாகச் சொன்னாள் மிருதுளா. சென்னைக்காரி. சிலை செய்கிறவள். பருவநிலை கெட்டுப்போனதை ஊருலகத்துக்குக் காட்ட வந்தவள்.

வரப்போரம் உப்பாலேயே ஒரு வீடு. மரச்சட்டத்தில் இறுக்கி இறுக்கி அடுக்கியது. ஓர் ஆள் ஒடுங்கி உட்காரலாம். மழையில் அது கரைந்து முடியும்வரை கடன்பட்டவள் உள்ளே இருக்க வேண்டும். எதிரே கேமரா.

இன்று ஒன்பதாவது நாள்.

கூப்பிடாத நாளெல்லாம் வந்து கூலியைக் கரைத்த மழை, வேண்டுமென்றபோது வரவில்லை.

நாலு பக்கமும் வெள்ளை. கண் கூசியது. உதடு வெடித்திருந்தது. கால் நீட்ட இடமில்லை. எழுந்து போனால் காசில்லை.

உப்புக்கூடையோடு போன பேச்சிக்கனி எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி மகாராணி, அரமண சொகமா இருக்கா? மழ வரக்கூடாதுன்னு நாங்க கும்புடுதோம். நீ வரணும்னு கும்புடுதியோ?"

உள்ளே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுபோனது.

மதியம் தாண்டி வானம் கறுத்தது. பங்குனி மாதத்து வானம்.

வாசலில் முதல் துளி விழுந்தது.

அவள் வெளியே பாய்ந்தாள். கேமராவுக்கான ஜெனரேட்டர்மேல் கிடந்த தார்ப்பாயை உருவினாள். வீட்டின்மேல் வீசினாள். ஒரு முனையில் கல்லை வைத்தாள். மறு முனையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

மழை விழுந்தால் உப்பை மூட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் கைக்குத் தெரிந்தது அதுதான்.

"அக்கா, மூடாதீங்க! கரையட்டும்! அதுக்குத்தானே கட்டினோம்!"

மிருதுளா அந்தப் பக்கம் இழுத்தாள். அவள் இந்தப் பக்கம் விடவில்லை.

முப்பத்தோராயிரத்து நானூறு.

விட்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். கூரை ஒழுகியது. உப்புத்தண்ணீர் நெற்றி வழியாக வாய்க்குள் இறங்கியது. கேமராவின் சிவப்பு விளக்கு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்ச்சுவரில் ஓட்டை விழுந்தது. முதலில் விரலளவு. பிறகு முகத்தளவு.

அதன் வழியே அம்பாரம் தெரிந்தது. அவளும் பேச்சிக்கனியும் இன்னும் இருவருமாக நாலு பேரும் ஒரு மாதமாக வாரிக் குவித்த உப்பு. எடை போட்டால்தான் கூலி.

அதை மூடும் தார்ப்பாயின் மூன்று முனைகளில் மூன்று பெண்கள்.

நாலாவது முனை காற்றில் அடித்துக்கொண்டது. எப்போதும் அவள் பிடிக்கிற முனை.

பேச்சிக்கனி ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். கூப்பிடவில்லை.

அவளும் எழவில்லை.

சாயங்காலம் மிருதுளா பணத்தைக் கையில் வைத்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா" என்றாள். சொன்னவள் கண் கலங்கியிருந்தது.

அம்பாரத்தில் ஒரு மூலை கரைந்துபோயிருந்தது. உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. இனி இருபது நாளைக்கு வேலை கிடையாது.

அண்ணாச்சி பணத்தை எண்ணினார். கணக்கு நோட்டில் அவள் பெயர்மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"ஒன் கணக்கு தீந்துட்டு, போ."

அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பின்னால் பேச்சிக்கனி அட்வான்ஸ் கேட்க முந்தானையைப் பிழிந்தபடி நின்றிருந்தாள்.

இவள் ஒதுங்கி வழிவிட்டாள்.