பாக்கெட்டில் என்ன?

வீட்டு முன்னறையில் பலகை வெட்டுகிற லேசர் மிஷினுக்கு, நீளமான புதுக் கண்ணாடி டியூபைப் பொருத்தி, வயரை மாட்டிக்கொண்டிருந்தாள் மருமகள். ஒற்றைக் கையால்தான். இடது கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை. சற்றுமுன் 'டிங்' என்று கேட்ட சத்தம் வேறு மாமியாரின் காதிலேயே நின்றது.

"பாக்கெட்டுல என்னத்தை ஒளிச்சு வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல அத்தை. கிட்ட வராதீங்க."

"மடியில கனமில்லேன்னா வழியில ஏன் பயம்? டியூபை உடைச்சுட்டு, சில்லை மறைக்கிறே! கையை எடு வெளிய!"

மருமகள் வயரை மாட்டி முடித்து, மூடியைப் பூட்டிய பிறகே கையை எடுத்தாள். பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினாள். காலி.

"விழுந்தது ஸ்க்ரூடிரைவர், அத்தை. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தங்கியிருக்கும். ரெண்டு கையும் உள்ள இருந்தா, ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறு கைக்குப் பாயும். அதான் ஒண்ணைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்."

"நல்லா சமாளிக்கிறே!" மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் மகன் வந்தான். "வயரைச் சரியா மாட்டினியா, பாக்கறேன்" என்று மூடியைத் திறந்து இரண்டு கைகளையும் உள்ளே நீட்டினான்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் அலறினாள்.

"டேய்! ஒரு கையைப் பாக்கெட்டுல போடுடா!"