சரிவராத டைரக்டர்

“பென்சன் இருக்கோ எண்டு கேள்,” என்றார் வரதராசா.

மகள் டிலக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு எட்மண்டிடம் இங்கிலீசில் கேட்டாள். அவனுக்கு ஏது பென்சன்? பெடியன் லண்டன்காரன், டைரக்டர். இங்கிலாந்து டெலிவிசனில் பல வருசம் துப்பறியும் தொடர் எடுத்தவன், பிறகு இரண்டு சினிமாப் படம். முதல் படத்துக்கு ஏதோ விழாவில் விருது கிடைத்தது. இரண்டாவது படத்தில் பெற்ற தாயே பாதியில் எழும்பிப் போய்விட்டாள்.

“பென்சன் இல்லையாம் அப்பா. ஆனா விருது இருக்கு.”

“விருதைக் கொண்டுபோய் வாடகைக்குக் குடுக்கலாமோ?”

சுவிஸின் துன் நகரத்து ஹோட்டல் குசினியில் காலமெல்லாம் சட்டி பிடித்த மனுசன் அப்படித்தான் கேட்பார். டிலக்ஷி கட்டினால் எட்மண்டைத்தான் கட்டுவாள். ஆனால் அப்பாவின் வாயால் ‘ஓம்’ என்று வராமல் மணவறையில் ஏறமாட்டாள்.

நண்டுக்கறிதான் காப்பாற்றியது. எட்மண்ட் கையாலேயே பிசைந்து, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் வடிய, தன் அரைகுறை ஜெர்மனில் “சூப்பர்” என்றான். அதே அரைகுறை ஜெர்மனில் வரதராசாவும் ஏதோ சொன்னார். டிலக்ஷிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“பெடியன் நல்லாச் சாப்பிடுறான்,” என்று தாய் சிவகலா மகளைக் குசினிக்குள் கூட்டிப்போனாள், இன்னும் நண்டு அள்ள. அங்கே நிற்கும்போது முதலில் அப்பாவின் பெருஞ்சிரிப்புக் கேட்டது. பிறகு ஒரு சத்தத்தையும் காணோம்.

திரும்பி வந்தால் வரதராசாவின் முகம் இருண்டு கிடந்தது.

“இவர் எடுத்த படத்தைப் போடச் சொல்லு. பாப்பம்.”

எட்மண்ட் உற்சாகமாக விருதுப் படத்தைப் போட்டான். ஒரு செத்தவீடு. மழைத்தண்ணீர் வழிகிற ஜன்னலுக்கு வெளியே கமரா. உள்ளே நிழல் நிழலாய் ஆட்கள். கமரா அசையவேயில்லை. வரதராசா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“இந்த மனுசன் கமராவைப் பூட்டிப்போட்டு எங்கை போனவர், தேத்தண்ணி குடிக்கவோ?”

“அது ஆர்ட், அப்பா.”

“ஆக்களின்ரை முகம் எங்கை?”

“முகத்தைக் காட்டாமல் விட்டதுக்குத்தான் விருதே குடுத்தவை.”

“வந்த சனம் சாப்பிட்டதையாவது எடுத்தவரோ?”

டிலக்ஷி எட்மண்டிடம் கேட்டுச் சொன்னாள். “இல்லையாம். வேணுமெண்டுதான் விட்டவராம்.”

“வேணுமெண்டோ!” வரதராசா நெஞ்சில் கை வைத்தார். “ஐயோ, முருகா!”

சொல்லிக்கொண்டே இன்னொரு அகப்பை நண்டை எட்மண்டின் தட்டில் போட்டார்.

“எங்கடை தவச்செல்வனைப் பார். எம்மன்புரூக்கேயில கிழமை நாளில பக்டரி, சனி ஞாயிறில கமரா. நீ பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில உன்னைத் தாமரைப்பூவுக்குள்ளால எழுப்பி, துன் ஏரிக்கு மேலால பறக்கவிட்டவன். அவன் தொழில்காரன்!”

அந்த வீடியோ எட்மண்டின் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று டிலக்ஷி கும்பிடாத சாமியில்லை.

“முடிவாச் சொல்லுறன் பிள்ளை. இவர் சரிவரமாட்டார். தவச்செல்வன்தான் சரி.”

“அப்பா!” டிலக்ஷி துள்ளி எழும்பினாள். “அந்த ஆளுக்கு ரெண்டு பிள்ளையள்!”

“இருக்கட்டுமே. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவோ? உங்களுக்கு விசரே?” அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “நான் எட்மண்டைத்தான் கட்டுவன். வேற ஒருத்தரையும் கட்டமாட்டன்!”

ஒன்றும் புரியாத எட்மண்ட் நண்டும் கையுமாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வரதராசா அவனைவிட அதிகமாக முழித்தார்.

“கட்டு பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது? உங்கடை கலியாண வீடியோவையும் தான்தான் எடுப்பனெண்டு இவர் நிக்கிறார், அதுதான் சரிவராது!”