ஜானவாசக் கார்

"இன்னிக்கும் கிடைக்காதா?"

பத்ரிநாராயணன் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார். இரும்புலியூருக்கு இது நாலாவது நடை.

"பேட்டரி வீக்கா இருக்கு சார். புதன்கிழமை வாங்க," என்றார் எட்மண்ட், டிராக்டரைத் துடைத்துக்கொண்டே.

எட்மண்ட் ஓய்வுபெற்ற மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய கார், டிராக்டர், கரும்பு ஆலை, ஆயில் என்ஜின் என்று ஊரார் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்து, வாசலில் 'காட்சிசாலை' என்று போர்டும் மாட்டியிருந்தார். அதில் ஒரு திறந்த கார் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்து வர, தாம்பரம் வட்டாரத்தில் எல்லோருக்கும் அந்தக் கார்தான். எட்மண்டே பூ சுற்றி, எட்மண்டே ஓட்டி வருவார்.

பத்ரிநாராயணன் மகள் வேதாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். டில்லி மாப்பிள்ளை. ஜானவாசம் திறந்த காரில்தான் நடக்க வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள். இதில் குறை வைத்தால் பெண்ணைக் காலமெல்லாம் குத்திக் காட்டுவார்களே என்று பத்ரிநாராயணனுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் நாள் சரி என்றுதான் சொன்னார் மனுஷன். மாப்பிள்ளை பேரை எழுதி வாங்கிக்கொண்டார். மறுநாள் போட்டோ வேண்டும் என்றார்.

"ஏங்காணும், காருக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார் பத்ரிநாராயணன்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மூன்றாம் நடையில் கிளட்ச் சரியில்லை. இப்போது பேட்டரி.

"கொடுக்க இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லும்."

"அப்படியில்ல சார். புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை போனால் கொட்டகை பூட்டிக் கிடந்தது. எட்மண்டின் மனைவி மெட்டில்டா எட்டிப் பார்த்தாள்.

"காலையிலயே செங்கல்பட்டு போயிட்டாரு சார். வர்ற நேரம்தான். உக்காருங்க."

"நாளைக்கு ஜானவாசம். இவர் ஊர் சுத்தப் போயிட்டாரா?"

ஒரு மணி நேரம் கழித்து, ஸ்டேஷனிலிருந்து வியர்க்க விறுவிறுக்க எட்மண்ட் வந்தார். பத்ரிநாராயணன் பிடித்துக்கொண்டார்.

"நீர் மனுஷன்தானா? ஒரு பொண்ணோட வாழ்க்கையில விளையாடறீரே. முதல் நாளே இல்லேன்னு சொல்லியிருந்தா மாம்பலத்துலயாவது பார்த்திருப்பேன். உம்மை நம்பி நாலு பேருக்கு நடுவுல தலைகுனியப் போறேன்."

எட்மண்ட் கொட்டகையைத் திறந்து, அந்தக் காரின் பானெட்மேல் இரண்டு போட்டோக்களை வைத்தார். ஒன்று பத்ரிநாராயணன் கொடுத்தது. இன்னொன்றில் பூ சுற்றிய இதே கார். ஓட்டுகிறவர் எட்மண்ட். பின்னால் மாலையும் கழுத்துமாக அதே மாப்பிள்ளை.

பத்ரிநாராயணன் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார், செங்கல்பட்டு கல்யாணம். பேரைப் பார்த்ததும் சந்தேகம் வந்துச்சு. வெறும் சந்தேகத்துல ஒரு கல்யாணத்தைக் கெடுக்கலாமா? அந்தப் பொண்ணோட அப்பா ஊர்ல இல்ல. இன்னிக்குத்தான் திரும்பி வந்தாரு. அதான் இத்தனை நாள் கடத்திக்கினு இருந்தேன். இந்தப் போட்டோ அவர் கொடுத்தது."

"ஒருவேளை... அந்தப் பொண்ணு தவறிப் போயிட்டாளோ என்னவோ?" என்றார் பத்ரிநாராயணன்.

"வாசல்லயே நின்னுக்கினு இருந்துச்சு சார். டில்லியில அவருக்கு வீடு கிடைச்சுதா, எப்ப கூட்டிக்கினு போவாருன்னு என்னைக் கேட்குது."