ஒன்பது நாள் தாமதம்

"அந்தத் தபாலை என்னய்யா பண்ணின?"

போஸ்ட் மாஸ்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். 'ரப்பர் பேண்டு' தரையைப் பார்த்தபடி எதிரில் நின்றார். மணிக்கட்டு நிறைய ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டு அலைவதால் அந்தத் தபால்காரருக்கு அப்படியொரு பெயர். இன்று அப்படிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் புகார் கொடுத்தவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஃபைல், வாய் நிறைய மரியாதை.

"ஒன்பது நாளா அலையறேன் சார். 'உங்கள் முகவரிக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்பப்பட்டது'ன்னு போனுக்கு மெசேஜ் வந்துச்சு. கடிதம் மட்டும் வரல. எங்க வீட்டுத் தபாலை யாரோ திருப்பி விடறாங்க போலிருக்கு."

போஸ்ட் மாஸ்டருக்கு இது போதாதா? போன மாதம்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. மோசடிக்காரர்கள் அடுத்தவர் பெயரில் படிவம் கொடுத்துத் தபாலைத் தங்கள் விலாசத்துக்குத் திருப்பிக்கொள்கிறார்களாம். இனி யார் விலாசம் மாற்றக் கேட்டாலும், புது விலாசத்தை எழுதிப் பழைய வீட்டுக்கு ஒரு கடிதம் போக வேண்டும். வீட்டுக்காரர் "நான் கேட்கவே இல்லையே" என்றால் திருடன் அகப்பட்டுக்கொள்வான். அந்த உறை தலைமை அலுவலகத்திலேயே ஒட்டி வரும். உள்ளே யார் பெயர், எந்த ஊர் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

"மத்த வீட்டுக்கெல்லாம் ஒழுங்கா கொடுத்திருக்க. இந்த ஒண்ணை மட்டும் கொடுக்கல. உனக்கும் அந்தக் கும்பலுக்கும் என்ன சம்பந்தம்?"

"கும்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப காரணத்தைச் சொல்லு."

ரப்பர் பேண்டு கண்ணாடிப் பக்கம் பார்த்தார். உள்ளே தும்மினால் வெளியே கேட்கும் தடுப்பு அது. பெஞ்சில் இருந்தவர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதித் தரேன் சார்."

"பெரிய காவியமா எழுதப் போற? வாயால சொல்லுய்யா!"

"எழுதியே தரேன்."

"கதை கட்ட நேரம் வேணும்ல" என்று முணுமுணுத்தார் ஸ்டாம்ப் விற்கும் அக்கா.

வெள்ளைத்தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு ரப்பர் பேண்டு பின்னறைக்குப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும், தெருவாரியாகத் தபால் பிரித்து வைக்கும் அவருடைய அலமாரியை அக்காவும் போஸ்ட் மாஸ்டரும் குடைந்தார்கள். கடைசி அறையில், பழைய சாக்குக்கு அடியில் உறை இருந்தது. கசங்கவில்லை, கிழியவில்லை.

"இருபத்தாறு வருஷமா நல்லவர் வேஷம் போட்டிருக்கார் பாருங்க சார்!"

போஸ்ட் மாஸ்டர் தானே வெளியே போய், கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார்.

"எங்க ஆள் செஞ்சதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன் சார்."

அவர் நின்றபடியே பிரித்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"விலாசம் மாத்தச் சொல்லி நீங்க கேட்கலையே?"

"நான் கேட்கல சார்."

"அப்ப மோசடியேதான். போலீஸ்ல ஒரு புகார் கொடுத்துடுங்க."

"முதல்ல நானே நேர்ல போய்ப் பார்த்துடறேன். இந்தத் தெரு எங்க சார் இருக்கு?"

தபால் ஆபீஸில் தெருவுக்குப் பஞ்சமா? எந்த பஸ், எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போஸ்ட் மாஸ்டர் வாசல்வரை வந்து விளக்கினார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ்ஸும் உடனே வந்தது. ஒரு மனிதருக்கு நியாயம் கிடைத்த திருப்தியில் போஸ்ட் மாஸ்டர் சஸ்பெண்ட் உத்தரவை எழுத உட்கார்ந்தார்.

ரப்பர் பேண்டு தாளோடு வந்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அந்த ஆளு எங்க சார்?"

"தபாலை வாங்கிட்டுப் போயாச்சு. உன்னால ஒன்பது நாள் லேட்டு."

"எப்ப சார்?"

"பஸ் ஏறி இருபது நிமிஷம் ஆச்சு. ஏன், கூட்டாளிக்குத் தகவல் சொல்லணுமா?"

ரப்பர் பேண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நடிப்பு என்று நினைத்துக்கொண்டே போஸ்ட் மாஸ்டர் தாளைப் பிரித்தார்.

'ஐயா, அந்த வீட்டுக்கு நாலு வருஷமாக நான்தான் தபால் கொடுக்கிறேன். கதவைத் திறக்கும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் உதடு கிழிந்திருக்கும், ஒரு நாள் கையில் கட்டு இருக்கும். புருஷன் அடி. போன மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டின துணியோடு தப்பிப் போய்விட்டது. பிள்ளையின் ஆஸ்பத்திரிக் கடிதங்கள் அந்த வீட்டுக்கே போகிறதே என்று வழியில் என்னிடம் அழுதது. விலாசம் மாற்றப் படிவம் கொடும்மா என்று சொன்ன பாவி நான்தான். மூன்று நாள் கழித்துத்தான் புது விதியை எங்களுக்குப் படித்தீர்கள். எச்சரிக்க அதனிடம் போன்கூட இல்லை.

உறையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தபாலையும் கிழித்ததில்லை, கை வரவில்லை. வெளியே இருப்பது அந்தப் புருஷன்தான். அவன் காதுபடச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்கிறேன். உறை என் அலமாரியில் கடைசி அறையில் இருக்கிறது. அதை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.'