அழுத்தக்காரி

மல்லாந்து கிடந்தாள் தங்கை. அவள்மேல் மொத்த எடையையும் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள் எதிராளி. முதல் தடவையாக ஜியு-ஜிட்சு மல்யுத்தம் பார்க்க வந்த ஒருவர், "அவ்ளோதான், பொண்ணு காலி" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

காலியும் இல்லை, ஒன்றும் இல்லை. தங்கையின் இரண்டு கால்களும் எதிராளியின் இடுப்பை வளைத்து, முதுகுக்குப் பின்னால் பூட்டுப் போட்டிருந்தன. 'கார்டு' என்பார்கள் இதை. கீழே கிடப்பவள்தான் இங்கே எஜமானி. அவள் விட்டால்தான் மேலே இருப்பவள் எழுந்திருக்கவே முடியும்.

எதிராளிக்கு அழுத்தக்காரி என்று பட்டப்பெயர். மேலே விழுந்து அமுக்கினால் மூச்சு முட்டும் என்பதால் வைத்தது. வாயும் அப்படித்தான், லேசில் திறக்காது.

ஆறு வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு போட்டியில் அக்காவின் முழங்கையை உடைத்தவள் இவள்தான். ஒருத்தி வலி தாங்காமல் தட்டினால் மற்றவள் அந்த நொடியே விட வேண்டும் என்பது விளையாட்டின் சட்டம். "மூணு தடவ தட்டினேன். அவ விடல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா சொன்னாள். நடுவர் மறுபக்கம் நின்றதால் பார்க்கவில்லையாம்.

வீட்டில் அப்பாதான் பயிற்சியாளர். ஏழு வயதில் அக்காவைப் பயிற்சி விரிப்பில் இறக்கியவர், அதன்பின் அவளை வேறு எதற்கும் விடவில்லை. கை வீணான பிறகுதான் மனம் வெறுத்து, "எப்படியோ போ" என்றார். சாம்பியனாக வேண்டியவள் மருந்தாளுநர் படிப்பு படித்து, இப்போது ஒரு கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். வேலைக்குக் கிளம்பும்போது பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். அழுகையை அப்படி மறைக்கிறாளே என்று தங்கைக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில்தான் ஆறு வருடமும் ஓடியது. இன்றைக்குப் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து அக்கா, "அவகூட மட்டும் மோதாதடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பயம் இன்னும் தெளியவில்லை பாவம் என்று தங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும் ஆட்டமும் இல்லை இது. இறுக்கமான பனியன், அதன்மேல் வியர்வை. எதைப் பிடித்தாலும் வழுக்கும். தங்கை ஒரு கையால் பிடரியை வளைத்து அழுத்தக்காரியின் தலையைத் தன் மார்போடு இழுத்தாள். மறு கையால் மணிக்கட்டை இறுக்கினாள். அவள் காது இப்போது தங்கையின் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"என்னைத் தெரியுதா?"

"தெரியுது. அவ தங்கச்சி."

"எங்கக்கா தட்டினா. நீ ஏன் விடல?"

தங்கை பிடரியை இன்னும் கீழே இழுத்தாள்.

"உங்கக்காகிட்ட கேளு."

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். மூணு தடவ தட்டினேன்னு சொன்னா."

அழுத்தக்காரியின் உடம்பு ஒரு கணம் தளர்ந்தது.

"அப்படியா சொன்னா?" என்றாள். பிறகு மெதுவாக, "சரி. அப்ப அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

என்ன திமிர்! தங்கைக்கு உச்சந்தலைவரை ஏறியது. ஓரத்திலிருந்து அப்பா, "அவ கையைப் பிடி! விடாதே!" என்று கத்தினார். அவர் பக்கத்தில் அக்கா, "விட்டுடுடி! வேணாம்!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

தங்கை இடுப்பைச் சாய்த்துத் திரும்பினாள். கால் பூட்டைத் திறந்து ஒரு காலை அழுத்தக்காரியின் முகத்துக்கு மேல் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் அந்தக் கை முழுநீளத்துக்கு அவள் தொடைகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது.

அழுத்தக்காரி தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றையும் தங்கை நிதானமாக எண்ணினாள். அதற்குப் பிறகுதான் இடுப்பைத் தூக்கினாள். முழங்கை முறிந்த அந்தச் சத்தத்தில், 'பொண்ணு காலி' என்று தீர்ப்புச் சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுவர் பாய்ந்து வந்து அவளைப் பிரித்து இழுத்தார். ஆட்டத்திலிருந்து நீக்கம் என்றார், ஆயுள் தடைகூட வரலாம் என்றார். அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. ஆறு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியதில் சிரிப்பு வந்தது.

"அவ தட்டினதுமே ஜெயிச்சாச்சே! ஜெயிச்ச ஆட்டத்தை இப்படிக் கோட்டை விட்டுட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அப்பா.

அக்கா ஓடி வந்தாள். கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று தங்கை கையை விரித்தாள். அக்கா அவளைத் தாண்டிப் போய் அழுத்தக்காரியின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

வலியில் முகம் வெளுத்துக் கிடந்த அழுத்தக்காரி, "நான் சொல்லல" என்றாள்.

"தெரியும்டி" என்று அவள் நெற்றியைத் துடைத்தாள் அக்கா. கண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"அக்கா! உனக்காகத்தானே உடைச்சேன்!" என்று பின்னால் வந்து நின்றாள் தங்கை.

அக்கா திரும்பி, அப்பா எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அன்னைக்கு என் கையை உடைக்கச் சொல்லி இவ கால்ல விழுந்ததே நான்தான்டி."