பள்ளிக்கூடத்துத் தேதி

“அந்தப் பொட்டியில ஊர்ப்பேரு தெரியுமா, தாயி?”

தங்கச்சிமடத்தில் சதக் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது ஜோதிமேரி கேட்டது இதைத்தான். மகன் கணக்கில் பணம் எவ்வளவு இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அது அன்றிலிருந்தே சேதுலட்சுமியின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

சேதுலட்சுமி ஒன்பதாவதோடு நின்றவள். கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற வேலை. யாராவது முகம் பார்த்துப் பேசினால் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். காது மட்டும் சும்மா இருக்காது.

கதை மெல்ல மெல்லத்தான் வந்தது. ஜோதிமேரியின் மகன் கில்பர்ட் போன வருடம் அப்பனோடு மல்லுக்கு நின்று வீட்டை விட்டுப் போனவன். போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஏடிஎம் கார்டை மட்டும் கொண்டுபோயிருந்தான். வங்கி வெப்சைட்டுக்கான ரகசிய எண் அவன் போன பிறகுதான் தபாலில் வந்தது.

மாதாமாதம் அவன் கணக்கில் ஜோதிமேரி கொஞ்சம் போடுவாள். அவன் எங்கேயோ ஒரு ஊரில் எடுப்பான். எடுத்த ஊர் திரையில் வரும்.

கொல்லம். கொச்சி. மங்களூர்.

சேதுலட்சுமி வாசித்து, அவளுடைய ஜெபப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதித் தருவாள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி.

இந்த மாதம் வெப்சைட் மக்கர் செய்தது.

நேற்று விடிந்ததும் வந்து உட்கார்ந்தவள் மத்தியானம்தான் எழுந்தாள். கூடை மீனைப் பக்கத்து வீட்டு புஷ்பமேரி தலையில் கட்டிவிட்டு, ராமேஸ்வரம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தாள். இருபது வருடமாக ராமேஸ்வரம் பஜாரில் ஒரே இடத்தில் கூடை இறக்குகிறவள். காய்ச்சல் என்றாலும் அங்கேதான் கிடப்பாள். அந்த வங்கிக்குத் தீவில் இருக்கும் ஒரே ஏடிஎம்மும் பிற்பாடு அவள் முதுகுக்குப் பின்னால்தான் வந்தது. வெயில் ஏறினால் அதன் நிழல் அவளுக்கு.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினால் பாட்டு.

பாட்டு முடிந்ததும் ஒரு குரல், வேறு பிரவுசரில் பார்க்கச் சொன்னது. அடுத்த குரல், சர்வரில் வேலை நடக்கிறது என்றது. ஒருவழியாகப் பக்கம் திறந்து, பாஸ்வேர்டு அடித்து அடித்து, மூன்றாவது தடவை கணக்கே பூட்டிக்கொண்டது. கணக்குக்காரர் பேசினால்தான் திறப்போம் என்றார்கள்.

ஜோதிமேரி தொண்டையைச் செருமினாள். இருபது வருடம் மீன் கூவிய தொண்டை.

“கில்பர்ட்தான் பேசுறேன்.”

“சொல்லுங்க சார்” என்றது போன்.

சேதுலட்சுமி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறந்த தேதி கேட்டார்கள். “மார்ச்சு பத்தொம்பது. சூசையப்பர் திருநாளு. பூசை மணி அடிக்கயில பொறந்தேன்” என்றாள். வருடத்தையும் சொன்னாள்.

“தகவல் பொருந்தலை சார்.”

மத்தியானம் வரைக்கும் ஐந்து தடவை. ஐந்து தடவையும் அதே பாட்டு, அதே மார்ச்சு பத்தொம்பது. “பெத்தவளுக்குத் தெரியாத தேதி இவனுகளுக்குத் தெரியுமாக்கும்” என்று போனை அறைந்து வைத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை மீன் கூடையோடேயே வந்தாள். முடிந்ததும் அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று கூடையை வாசலில் இறக்கிவைத்தாள்.

அதே பாட்டு. அதே கேள்வி.

“பொருந்தலை சார்.”

சேதுலட்சுமி எழுந்து போய் ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள். தானாக யாரிடமும் போய்ப் பேசாதவள்.

“அக்கா, பள்ளிக்கூடத்துல எந்தத் தேதி குடுத்தீக?”

“அங்கன யாரு கேட்டா? பெரிய சாரே எழுதிக்கிட்டாரு.”

சேதுலட்சுமி படித்த பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் தலைமையாசிரியர். முதல் வகுப்பில் சேர்க்கும்போது வருடத்தை மட்டும்தான் கேட்பார். மாதமும் நாளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. அவள் டி.சி.யிலும் அதுதான். அவள் வகுப்பில் முப்பத்திரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். வங்கிக்கும் அந்த டி.சி. தேதிதான் போயிருக்கும்.

“ஜூன் ரெண்டுன்னு சொல்லுங்க.”

ஜோதிமேரி சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னாள்.

“நன்றி சார். திறந்தாச்சு.”

“ஊமைக்கோட்டான்! நேத்தே இந்த வாயத் தொறந்திருந்தா எனக்கு ஒருநாள் யாவாரம் மிஞ்சியிருக்குமே!” ஜோதிமேரி அவள் கன்னத்தைக் கிள்ளி, ஜெபப் புத்தகத்தைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

பக்கம் மேலிருந்து கீழாக, வரி வரியாக வந்தது.

கடைசி வரியில் சேதுலட்சுமியின் பேனா நின்றது. தேதியை இன்னொரு தடவை பார்த்தாள்.

“எந்த ஊரு தாயி?”

“ராமேஸ்வரம்.”

ஜோதிமேரியின் முகம் மலர்ந்தது. “என்னைக்கு?”

சேதுலட்சுமி கீபோர்டைத் துடைத்தாள். துணி ஒரே எழுத்தின் மேல் போய்ப் போய் வந்தது.

“நேத்து. காலையில ஒம்பது இருபதுக்கு.”

ஜோதிமேரி திரையைப் பார்த்தாள். பிறகு, நேற்று ஒன்பது இருபதுக்குத் தன் காதில் ஒட்டியிருந்த அந்தப் போனைப் பார்த்தாள்.

வெளியே ராமேஸ்வரம் பஸ் வந்து நின்றது.

அவள் எழுந்து, படியிறங்கிப் போய் ஏறிக்கொண்டாள்.

மீன் கூடை வாசலிலேயே இருந்தது.